ஹைட்டி மக்களுக்கு உதவக் கிளம்பும் புதுத் தன்னார்வலருக்கு

ஹைட்டியிலிருந்து கெட்ட செய்தி வரும்போதெல்லாம் எங்கள் பாஸ்டன் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் மூன்று கேள்விகள் தவறாமல் வரும். பணம் எங்கே அனுப்பலாம்? பழைய துணி சேர்த்து அனுப்பலாமா? நான் டாக்டர், நேரே போய் உதவ முடியுமா?

மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன். போகாதீர்கள். 2024 நவம்பர் 11 அன்று தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் இறங்க வந்த ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் விமானத்தில் குண்டு பாய்ந்து பணியாளர் ஒருவர் காயப்பட்டார். அமெரிக்க விமானங்கள் தலைநகருக்குப் பறக்கத் தடை வந்தது. அதைப் பலமுறை நீட்டித்தார்கள். அதே நாளில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் ஆம்புலன்ஸை மறித்து, குண்டடி பட்டிருந்த நோயாளிகளை வெளியே இழுத்துக் கொன்றார்கள். அந்த டிசம்பர் 24 அன்று தலைநகரின் பொது மருத்துவமனையை மறுபடி திறக்கப்போவதாக அறிவித்து நிருபர்களை அழைத்திருந்தார்கள். ஆயுதக் கும்பல் சுட்டதில் இரண்டு பத்திரிகையாளர்களும் ஒரு போலீஸ்காரரும் இறந்தார்கள். 2025 வசந்தத்தில் மிர்பலே நகரம் கும்பல்களின் கைக்குப் போனதும், நாட்டின் நடுப்பகுதி முழுவதும் நம்பியிருந்த 300 படுக்கைப் பல்கலைக்கழக மருத்துவமனை மூடப்பட்டது. அங்கேயே பிறந்து வளர்ந்த டாக்டர்கள் வேலை செய்ய இடமில்லாமல் நிற்கிறார்கள். நாம் போய் இறங்கினால் நமக்கு ஒரு காவலர், ஒரு வண்டி, குடிநீர், படுக்கை எல்லாம் அவர்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். பிரெஞ்சு தெரிந்த அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர் என்றால் பெரிய மருத்துவ அமைப்புகளிடம் மாதக்கணக்கான ஒப்பந்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். மற்றவர்களுக்கு அந்த வழி இல்லை.

துணி வேண்டாம். கப்பல் கூலிக்கே பணம் வீணாகும், துணி சுங்கத்தில் கிடக்கும்.

பணம் சரி. ஹைட்டியர்களே நடத்தும் இடத்துக்கு அனுப்புங்கள். 1982 முதல் போர்ட்-ஓ-பிரின்ஸில் இயங்கும் கெஸ்கியோ மருத்துவ மையம், பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்தின் ஹைட்டிக் கிளையான சான்மி லாசாந்தே, இரண்டும் இத்தனை கலவரங்களிலும் வேலையைக் கைவிடாதவை. உங்கள் கம்பெனியில் மேட்சிங் (நீங்கள் கொடுக்கும் அளவு கம்பெனியும் கொடுப்பது) உண்டா என்று பார்த்துவிட்டு அனுப்பினால் தொகை இரட்டிப்பாகும்.

இந்தக் கட்டுரை அதற்கடுத்த ஆளுக்கு. பணம் அனுப்பிவிட்டேன், கையில் நேரம் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்பவருக்கு. ஹைட்டியின் நெருக்கடி பாதி இங்கே வந்து இறங்கியிருக்கிறது. மயாமி, புரூக்ளின், பாஸ்டனின் மாட்டப்பான், பிராக்டன், ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்ட், மொன்றியலின் சான்-மிஷேல், மொன்றியல்-நார் என்று பல ஊர்களில் அவர்கள் நம் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். 2023, 2024-ல் பாஸ்டன் லோகன் விமான நிலையத்தின் ஈ டெர்மினலில் ஹைட்டிக் குடும்பங்கள் குழந்தைகளோடு தரையில் படுத்துக் கிடந்ததை இங்கிருந்து ஊருக்கு விமானம் ஏறிய பலரும் பார்த்திருப்பீர்கள். தடுப்பூசி முகாம், காப்பகத்தில் உடல் பரிசோதனை, பள்ளிச் சேர்க்கைக்கான மருத்துவச் சீட்டு, பிரஷர் பார்ப்பது என்று எல்லாவற்றுக்கும் ஆள் தேவை.

முதலில் பெயர் கொடுங்கள்

அமெரிக்காவில் இதற்கான வாசல் மெடிக்கல் ரிசர்வ் கோர் என்ற தன்னார்வலர் அமைப்பு. 2001 செப்டம்பர் தாக்குதலின்போது உதவ ஓடி வந்த டாக்டர்களை யார், எவர் என்று சரிபார்க்க முடியாமல் திணறியதால் 2002-ல் தொடங்கினார்கள். ஊர் அல்லது மாவட்டத்துக்கு ஒரு பிரிவு இருக்கும். பாஸ்டன் நகரத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. மாசசூசெட்ஸ் முழுவதற்கும் 'எம்.ஏ. ரெஸ்பாண்ட்ஸ்' என்ற பதிவுத் தளம் இருக்கிறது. மருத்துவம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. வரிசையை ஒழுங்குபடுத்த, படிவம் நிரப்ப, பெட்டி தூக்க, கார் நிறுத்துமிடத்தில் நின்று வழி காட்டவும் ஆள் வேண்டும்.

பதிந்த பிறகு குற்றப் பின்னணிச் சோதனை நடக்கும். அமெரிக்க அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமாவின் ஐ.எஸ்.-100, ஐ.எஸ்.-700 என்ற இரண்டு ஆன்லைன் பாடங்களை முடிக்கச் சொல்வார்கள். இலவசம், ஒரு சனிக்கிழமையில் முடியும், கொஞ்சம் தூக்கம் வரும். ஆனாலும் நெருக்கடி நேரத்தில் யார் யாருக்குக் கட்டளை இடுவார்கள் என்பது அதில்தான் புரியும். அதோடு உளவியல் முதலுதவிப் பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள். ஹைட்டி மக்களோடு வேலை செய்ய சி.பி.ஆர். சான்றிதழைவிட இது அடிக்கடி பயன்படும்.

இதையெல்லாம் ஒன்றும் நடக்காத மாதத்தில் செய்துவிட வேண்டும். செய்தி வந்த அன்று நேரே போய் நிற்பவரை நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. எச்1பி, எச்4, மாணவர் விசாவில் இருப்பவர்கள் சம்பளமில்லாத தொண்டு வேலை செய்யலாம் என்பது பொது வழக்கம். ஆனால் வழக்கமாகச் சம்பளம் கொடுக்கும் வேலையை 'தொண்டு' என்ற பெயரில் செய்தால் சிக்கல். சந்தேகமாக இருந்தால் வக்கீலிடமோ கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடமோ கேட்டுவிட்டுச் சேருங்கள். இரண்டாவது, ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்து இங்கே லைசென்ஸ் வாங்காதவர்கள். முகாமில் நீங்கள் டாக்டர் இல்லை. யாராவது மாத்திரைச் சீட்டை நீட்டி "இதைத் தொடரலாமா?" என்றால் நாக்கு துடிக்கும். அடக்கிக்கொண்டு நர்ஸைக் கைகாட்டுங்கள்.

மொன்றியலில் இருப்பவர்கள் கனடிய செஞ்சிலுவைச் சங்கத்திலோ உங்கள் பகுதியின் சி.எல்.எஸ்.சி. என்ற உள்ளூர்ச் சுகாதார மையத்திலோ கேட்கலாம். பார்க்-எக்ஸ்டென்ஷன் தமிழர்களுக்கும் மொன்றியல்-நார் ஹைட்டியர்களுக்கும் நடுவே ஒரு பஸ் தூரம்தான். கோவிட் முதல் அலையில் மொன்றியல்-நார் அந்த நகரத்திலேயே மிக மோசமாக அடிபட்ட பகுதிகளில் ஒன்று. முதியோர் இல்லங்களில் உதவியாளர்களாக இருந்த ஹைட்டியப் பெண்கள் பலர் அங்கேதான் குடியிருந்தார்கள்.

ஏன் நம்பமாட்டார்கள் என்று படித்துவிட்டுப் போங்கள்

பயிற்சியில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

எய்ட்ஸ் புதிதாக வந்த காலத்தில், 1983-ல், அமெரிக்க அரசு 'ஆபத்துக் குழுக்கள்' என்று ஒரு பட்டியல் போட்டது. ஓரினச் சேர்க்கையாளர்கள், ஊசி வழி போதை எடுப்பவர்கள், ஹீமோபிலியா நோயாளிகள், அடுத்து ஹைட்டியர்கள். ஒரு நாட்டில் பிறந்ததே நோய்க்கூறு. வேலை போனது, வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை, பள்ளியில் பிள்ளைகளை ஒதுக்கினார்கள். 1985-ல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 1990 பிப்ரவரியில் ஹைட்டியர்கள் ரத்தமே கொடுக்கக் கூடாது என்று உணவு மருந்து நிர்வாகம் சொன்னது. அந்த ஏப்ரல் 20 அன்று பல்லாயிரம் ஹைட்டியர்கள் புரூக்ளின் பாலத்தைக் கடந்து ஊர்வலம் போனார்கள். ஆண்டு முடிவதற்குள் தடை போனது. அடுத்த ஆண்டு, 1991-ல், அதிபர் அரிஸ்டிடை ராணுவம் கவிழ்த்தபோது படகில் தப்பியவர்களை அமெரிக்கக் கடலோரக் காவல்படை பிடித்து குவாண்டநாமோவில் வைத்தது. ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருந்த இருநூறுக்கும் மேற்பட்டவர்களை மட்டும் 1993 வரை முள்வேலிக்குள் அடைத்து வைத்தது.

இன்று முகாமில் அறுபது வயது ஆள் ஒருவர் விரலில் ஊசி குத்தக் கை கொடுக்கத் தயங்கினால், அதை 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதிவிடாதீர்கள்.

இனி நம் கதை. 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பிறகு, அக்டோபரில் அர்த்திபோனித் ஆற்றோரம் காலரா வெடித்தது. குறைந்தது நூறு வருடமாக அந்த நாட்டில் காலரா பதிவே இல்லை. மிர்பலே அருகே இருந்த ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவுநீர் ஆற்றில் கலந்ததில் வந்தது அது. முகாமில் இருந்தது நேபாளப் படைப்பிரிவு. எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் நோயுற்று, பத்தாயிரம் பேர் வரை இறந்தார்கள். ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி-மூன் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில். அதற்கும் முன்னால், 2007-ல், அமைதிப்படையில் இருந்த இலங்கைப் படையினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் பாலியல் சுரண்டல் புகாரில் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

நீங்கள் சென்னையா, யாழ்ப்பாணமா, காத்மாண்டுவா என்பது உங்கள் முகத்தில் எழுதியிருக்காது. தெற்காசிய முகம் ஒன்று நீல அட்டை மாட்டிக்கொண்டு, குடிநீரும் ஊசியுமாக வந்து நிற்கிறது என்பதுதான் தெரியும். ஒருமுறை ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், ஞாயிறு பூசைக்கு வந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றாமல் ஒரு பாட்டி என் எதிரே உட்கார்ந்தார். கழுத்தில் தொங்கிய அட்டையைக் கையில் பிடித்துத் திருப்பி, பின்பக்கமும் பார்த்துவிட்டு, "கி மூன் கி வோயே ஊ?" என்றார். உன்னை யார் அனுப்பினது? நான் நகரச் சுகாதாரத் துறையின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. பக்கத்தில் நின்ற அந்தத் தேவாலயத்து நர்ஸ், பாதிரியார் பெயரைச் சொல்லி "அவர் கூப்பிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்" என்றதும் கையை நீட்டினார்.

ஆகவே தனியாக முகாம் போட நினைக்காதீர்கள். தமிழ்ச் சங்கப் பேனர் கட்டி, சங்கத் தலைவர் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் முகாமுக்கு ஒருவரும் வரமாட்டார்கள், வரவும் தேவையில்லை. அவர்களே நடத்தும் இடத்தில் போய் "உங்களுக்கு எந்த வேலைக்கு ஆள் இல்லை?" என்று கேளுங்கள். மாட்டப்பான் சமூகச் சுகாதார மையம், குடியேறிகளுக்காக ஹைட்டியர்கள் நடத்தும் இம்மிக்ரண்ட் ஃபேமிலி சர்வீசஸ் இன்ஸ்டிடியூட், கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே தேவாலயங்கள், ஹைட்டியர்களின் தாய்மொழியான கிரியோல் வானொலி எல்லாம் எங்கள் பக்கம் இருக்கின்றன. உங்கள் ஊரிலும் ஏதாவது ஒன்று இருக்கும்.

மேஜையில் உட்காரும் நாள்

முதலில் வணக்கம். வேலையில் இறங்குவதற்கு முன் காலையில் "போன்ஜு", மதியம் திரும்பியதும் "போன்ஸ்வா". பெரியவர்களை "மதாம்", "மிசியே" என்று கூப்பிடுங்கள். இதைச் சொல்லாமல் படிவத்தை நீட்டினால் மரியாதை தெரியாத ஆள் என்று அப்போதே முடிவாகிவிடும். நாம் "எனக்கு பிரஷர், சுகர்" என்று சொல்வதைப் போலவே அவர்களும் "தான்ஸ்யோன்", "சிக்" என்பார்கள். இந்த இரண்டும் காதில் விழுந்தால் நர்ஸுக்குக் குறித்துக் கொடுங்கள்.

பிரெஞ்சு தெரிந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஹைட்டியில் எல்லோரும் பேசுவது கிரியோல். பிரெஞ்சு சரளமாக வருவது படித்த சிறு பகுதிக்கு மட்டும். பிரெஞ்சுத் துண்டறிக்கையை நீட்டினால் பலர் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். கிரியோல் அறிக்கை இருக்கிறதா என்று முந்தைய நாளே கேட்டு வாங்கி வையுங்கள். மொழிபெயர்ப்பாளர் வந்தாலும் நோயாளியின் முகத்தைப் பார்த்தே பேசுங்கள். "அவரிடம் கேளுங்கள்" என்று சொல்லாதீர்கள். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கவே கூடாது. தாயின் மாதவிடாயையும் வழியில் நடந்ததையும் அந்தப் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பது கொடுமை.

வழியில் நடந்தது என்றால், பலர் நேரே ஹைட்டியிலிருந்து வந்தவர்கள் இல்லை. 2010-க்குப் பிறகு பிரேசிலுக்கோ சிலிக்கோ போய், சில வருடம் வேலை பார்த்து, பிறகு கொலம்பியா, பனாமா எல்லையில் உள்ள டாரியன் காட்டை நடந்து கடந்து வந்தவர்கள். அதனால் பிள்ளையின் தடுப்பூசி அட்டை ஸ்பானிஷிலோ போர்த்துகீசிலோ இருக்கும். தண்ணீர் பட்டு மை கலங்கி, பிளாஸ்டிக் உறையில், பாஸ்போர்ட்டைவிடப் பத்திரமாக வைத்திருப்பார்கள். "ஆங்கிலத்தில் இல்லை" என்று தள்ளிவிடாதீர்கள். தேதியும் மருந்தின் பெயரும் தெரிந்தால் நர்ஸால் படிக்க முடியும், அந்த ஊசிகளைத் திரும்பப் போட வேண்டியதில்லை. பி.சி.ஜி. என்று எழுதியிருந்தால் தனியாகக் காட்டுங்கள். அந்த ஊசி போட்டவர்களுக்குத் தோலில் செய்யும் காசநோய்ச் சோதனை பொய்யாகத் தடிக்கலாம், ரத்தச் சோதனை நல்லது. நம் தோளிலும் அதே தழும்பு இருப்பதால் இதை நமக்கு விளக்கத் தேவையில்லை.

காப்பகத்தில் இருக்கும் தாய்மார்களுக்கு ஒன்றைச் சொல்லலாம். வீடில்லாத நிலையில் உள்ள பிள்ளையைத் தடுப்பூசிச் சான்று கையில் இல்லை என்று பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது. முதலில் சேர்த்துக்கொண்டு, சான்றைப் பிறகு தேட உதவ வேண்டும் என்பது மெக்கின்னி-வென்டோ என்ற கூட்டாட்சிச் சட்டம். இது பல பள்ளி அலுவலகங்களிலேயே மறந்துபோகும்.

படிவத்தை முந்தைய நாள் ஒருமுறை படியுங்கள். குடியுரிமை, விசா நிலை, சோஷியல் செக்யூரிட்டி எண் என்று தேவையில்லாத கட்டம் இருந்தால் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி அடித்துவிடச் சொல்லுங்கள். தடுப்பூசி போட அவை எதற்கு? 2010 ஜனவரியில் முதலில் கிடைத்த, நாடு கடத்தாமல் இங்கே தங்கி வேலை செய்ய விடும் தற்காலிகப் பாதுகாப்பு நிலையை நம்பிப் பல லட்சம் பேர் வாழ்க்கை அமைத்துக்கொண்டார்கள். 2025-ல் அதை முடிப்பதாக அரசு அறிவித்தது, வழக்குகள் போட்டார்கள், கெடு தேதி மாறி மாறி வந்தது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் அடுத்த வாரம் முகாமில் நாற்காலிகள் காலியாக இருக்கும். வாசலில் அதிகாரி யாராவது வந்து கேட்டால் பதில் சொல்வது உங்கள் வேலை இல்லை. ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டுவிட்டு உட்காருங்கள்.

செய்தி வந்த நாள்

2024 மார்ச் தொடக்கத்தில் கும்பல்கள் சேர்ந்து போர்ட்-ஓ-பிரின்ஸின் சிறைகளை உடைத்து ஆயிரக்கணக்கான கைதிகளை வெளியே விட்டன. விமான நிலையம் மே 20 வரை மூடிக் கிடந்தது. அந்த வாரங்களில் எந்த முகாமிலும் வரிசை முழுவதும் கைப்பேசியைக் காதில் வைத்து வாட்ஸ்அப் குரல் பதிவு கேட்டுக்கொண்டிருக்கும். அன்றைக்கு பிரஷர் எண்கள் எகிறும். எண்ணைப் பார்த்து முகம் சுளிக்காமல், பத்து நிமிடம் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து மறுபடி பாருங்கள். அப்போதும் எகிறியே இருந்தால் நர்ஸிடம்.

"உங்கள் குடும்பம் பத்திரமா?" என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள், பத்திரமில்லை என்றால் அந்த ஆள் நூறு பேர் நடுவில் என்ன சொல்வார்? "இங்கே உட்கார்ந்து பேச வேண்டுமா, பிரஷர் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறீர்களா?" என்று கேளுங்கள். கடத்தல், பிணைப்பணம் என்று யாராவது சொல்ல ஆரம்பித்தால் குரலைத் தாழ்த்தி, தனி அறைக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்து, பயிற்சி பெற்றவரிடம் ஒப்படையுங்கள். கேட்டதை வீட்டில்கூடச் சொல்ல வேண்டாம். உங்களோடு மேஜையில் இருக்கும் ஹைட்டியத் தன்னார்வலரின் அக்காவும் அதே ஊரில்தான் இருப்பார் என்பதையும் மறக்காதீர்கள். அவருக்கு இடைவேளை கொடுங்கள், அவர் இடத்தில் நீங்கள் நில்லுங்கள்.

அரசியல் கருத்து வேண்டவே வேண்டாம். 1957 முதல் 1986 வரை தந்தையும் மகனுமாக ஆண்ட துவாலியே ஆட்சிக்குப் பயந்து ஓடி வந்தவரும், அந்த ஆட்சியில் சாலையாவது பத்திரமாக இருந்தது என்பவரும், அரிஸ்டிடைக் கடவுளாகக் கும்பிட்டவரும், அவரால் அழிந்தோம் என்பவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். வெளிநாட்டுப் படை போக வேண்டுமா என்று கேட்டுவிடாதீர்கள். அமெரிக்கா 1915-ல் படையோடு போய்ப் பத்தொன்பது வருடம் அங்கேயே இருந்த நாடு அது.

வதந்தி வரும். 2024 செப்டம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஹைட்டியர்கள் வளர்ப்புப் பிராணிகளைத் தின்கிறார்கள் என்ற பொய், அதிபர் தேர்தல் விவாத மேடை வரை ஏறியது. அடுத்த நாட்களில் வெடிகுண்டு மிரட்டல்களால் பள்ளிகளைக் காலி செய்தார்கள், மருத்துவமனைகளில் சோதனை நடந்தது. நம் குழுக்களிலும் அந்த மீம்கள் சிரிப்புக் குறியோடு சுற்றின. முகாமுக்கு வந்து உதவிவிட்டு, மாலையில் அதை ஃபார்வர்டு செய்யும் ஆள் வராமலே இருக்கலாம்.

அரசியலுக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு 2022-ஐச் சொல்லலாம். செப்டம்பரில் கும்பல்கள் தலைநகரில் உள்ள 'வரு' எரிபொருள் முனையத்தை அடைத்தன. டீசல் இல்லை என்றதும் தண்ணீர் லாரி நின்றது, மருத்துவமனை ஜெனரேட்டர் நின்றது, குப்பை தேங்கியது. மூன்று வருடத்துக்கு மேல் ஒரு நோயாளிகூட உறுதியாகாத காலரா அக்டோபர் தொடக்கத்தில் திரும்பி வந்தது. அதிபர் ஜோவெனல் மொயீஸ் கொல்லப்பட்டது 2021 ஜூலை 7. நாட்டின் முதல் கோவிட் தடுப்பூசிகள் வந்து இறங்கியது ஜூலை 14. ஊசி போட ஆள் வருவார்களா அந்த வாரத்தில்?

காலரா செய்தி வந்தால் முகாமில் உங்களிடமே கேட்பார்கள், ஊரில் அம்மாவுக்குப் போனில் என்ன சொல்வது என்று. பதில் எளிது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தாமல். அவர்கள் இதை "செவோம்" என்பார்கள், 2010-ல் கற்றுக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. அரிசிக் கஞ்சி போல வெளியே போனால் மணிக்கணக்கில் உயிர் போகும் நோய் அது, மையத்துக்குப் போகும் வழியிலும் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். 1971-ல் வங்கதேசப் போர் அகதிகளுக்காக மேற்கு வங்கத்தின் பாங்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகாலநோபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் கலக்கி ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். அவர் இறந்ததும் ஹைட்டிக்குக் காலரா திரும்பிய அதே 2022 அக்டோபரில்தான்.

முகாம் முடிந்த பிறகு

நாற்காலியை மடித்து வைத்துவிட்டு, அந்தத் தேவாலயத்து ஆளிடம் அடுத்த தேதியைக் கேளுங்கள். ஒருநாள் வந்து மறைந்த உதவிக்காரர்களை அவர்கள் நிறையப் பார்த்தாயிற்று. மாதம் ஒருமுறை, அதே மேஜை, அதே முகம் என்றால் மூன்றாவது மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். யாரையும் படம் எடுக்காதீர்கள், முதுகுப்பக்கம்கூட. உங்கள் ஃபேஸ்புக்கில் தெரியும் வாசற்படியை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். பெயர்ப்பட்டியலையும் நிரப்பிய படிவங்களையும் எண்ணி அன்றே ஒருங்கிணைப்பாளர் கையில் கொடுங்கள். அவசரத்துக்கு யாருடைய எண்ணையாவது உங்கள் கைப்பேசியில் குறித்திருந்தால், காருக்குப் போகும் முன் அழித்துவிடுங்கள்.